உன் அப்பாவின் பொய் இருமல்

மகளுக்கு,

உன் கடிதம் பெரட்டில் வைத்து என் கைக்கு வந்தது. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற நேரம், கங்காணி நீட்டினார். அதை மடியில் சொருகிக்கொண்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டேன். பகல் கொழுந்தை எடை போட்ட பிறகுதான் பிரித்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். உன் எழுத்து உருண்டையாக இருப்பதால் எழுத்துக் கூட்டிப் படித்துவிட முடிகிறது. சுகமா என்று கேட்டிருக்கிறாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. அரிசி களைகிற கைக்கு மட்டும் வீட்டில் ஒரு ஆள் குறைந்தது இன்னும் தெரியவில்லை, அவருக்கும் சேர்த்தே களைகிறது. மிச்சத்தைக் காலையில் பழைய சோறாகத் தின்றுவிட்டுப் போகிறேன். இவ்வளவுதான் என் சுகம்.

நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். பதுளையில் உன் பள்ளிக்கூட மண்டபத்தில் நீ கட்டி வைத்த நம் ஒற்றையறை லயத்துக் காம்பராவைக் கொழும்பிலும் கட்டச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீ வரவில்லை என்று பதில் எழுதப் போகிறாய். கல்யாணப் பேச்சு நடக்கிற நேரத்தில் வியாதிக் கதையை ஊருக்குச் சொல்லாதே என்று மாமா சொன்னது ஒரு காரணம். அப்பா இருமுகிற அந்தக் கேசட்டை இனிமேல் தனியாகக் கேட்க முடியாது என்பது இன்னொரு காரணம். காம்பராவில் தொங்கிய துணியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன், நீ என்ன சொல்கிறாய் அம்மா என்று கேட்டிருக்கிறாய். நேரில் கேட்டிருந்தால் உன் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டு ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படித்தாலும் விளங்குகிற மாதிரி எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் எழுதுவேன், பொறுமையாகப் படி.

உனக்கு அப்போது ஒன்பதோ பத்தோ வயது. தம்பி கைக்குழந்தை. சாயங்காலமானால் உனக்குக் காய்ச்சல் வரும், விடியும்போது வேர்த்து இறங்கும். தண்ணீர் பிடிக்கப் பீலிக்கு அனுப்பினால் பாதி வழியில் குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாய். பிறகு ஒரு நாள் நீ துப்பியதில் ரத்தம் இருந்தது. தோட்டத்து டாக்டரையா உன் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார், துண்டுச் சீட்டு எழுதிப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே படம் பிடித்துப் பார்த்து நெஞ்சில் காசம் என்றார்கள். நம் பக்கத்தில் அதற்கு எலும்புருக்கி என்று பேர். அந்தப் பேரை வாயில் எடுத்தாலே பக்கத்தில் நிற்கிறவள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொள்வாள். மாதக் கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். தினம் ஊசி. ஊசி மருந்து வருகிற சின்னக் கண்ணாடிக் குப்பிகளை நர்ஸம்மாவிடம் கேட்டு வாங்கி, தலையணைக்கு அடியில் சேர்த்து வைத்திருந்தாய். ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்க வந்தால் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டாய், குப்பிகளைத்தான் எடுத்துக் காட்டுவாய். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதையெல்லாம் தூக்கிப் போடச் சொன்னேன். போட்டுவிட்டேன் என்று சொன்னாய்.

வீட்டுக்கு அனுப்பும்போது, இன்னும் நெடுநாள் மாத்திரை சாப்பிட வேண்டும், தட்டும் கோப்பையும் தனியாக வேண்டும், கைக்குழந்தையை அண்ட விடக்கூடாது என்றார்கள். தோட்டத்து டாக்டரையாவும் அதையே சொல்லி, தனி அறையில் படுக்க வையுங்கள் என்றார். உன் அப்பா அதிகம் பேசாத ஆள். அன்றைக்குப் பேசினார். “எந்த அறையிலங்க ஐயா? அடுப்புக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?” ஐயாவும் சிரித்துவிட்டார். அவருக்குத் தெரியாதா, வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு, அவ்வளவுதான் என்று.

அப்பா கடையிலிருந்து கோதுமை மா வருகிற வெள்ளைச் சாக்குகளை வாங்கி வந்தார். நான் தையலைப் பிரித்து, சோடா போட்டு அவித்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தேன். எவ்வளவு அவித்தும் அதில் அச்சடித்திருந்த நீல எழுத்து போகவில்லை. சுவருக்குச் சுவர் கம்பி கட்டி அந்தத் துணியைக் காம்பராவின் நடுவில் தொங்க விட்டோம். உள் பக்கம் நீ. அடுப்புப் பக்கம் நாங்கள் மூன்று பேர். குப்பி லாம்பு எங்கள் பக்கம்தான் இருந்தது, ஒன்றுதானே இருந்தது. நீ அந்தப் பக்கம் கிடந்து என்ன பார்த்தாய் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. சோறு வைக்கத் துணியைத் தூக்குவேன், தட்டை எடுக்கத் தூக்குவேன். உன் தட்டைத் தனியாகக் கழுவி, தனியாகக் கவிழ்த்து வைப்பேன். இடையில் உள்ளதெல்லாம் எனக்கு வேலை. அந்த இடைவெளிதான் உனக்கு முழு நாளும்.

ஊருக்கு டைபாயிட் என்று சொன்னோம். டைபாயிட் வந்து போகிற காய்ச்சல், அதனால் யாருக்கும் சம்பந்தம் முறியாது. எலும்புருக்கி என்று தெரிந்தால் பீலியில் நம் குடத்தை வைக்க விடமாட்டார்கள், வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் தம்பியைச் சேர்க்க மாட்டார்கள், நாளைக்கு உன்னைக் கட்ட ஒருத்தன் வரமாட்டான் என்று பயம். ஆனால் லயத்தில் பொய் சொல்வது லேசா? காம்பராக்களுக்கு நடுவில் உள்ள சுவர் கூரைத் தகரம் வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் பாக்கியம் அக்கா வெங்காயம் அரிந்தால் இந்தப் பக்கம் எனக்குக் கண் எரியும். பகலில் பயமில்லை, எல்லாரும் மலையில் இருப்பார்கள், நீ எவ்வளவு வேண்டுமானாலும் இருமலாம். சாயங்காலம் லயம் நிறைந்த பிறகுதான் சங்கடம்.

நீ வந்த அன்றைக்குச் சாயங்காலமே இருமினாய். அடி வயிற்றிலிருந்து வருகிற இருமல். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோனது எனக்குக் கேட்டது. உன் அப்பா துணியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு தானும் இருமினார். உன் இருமல் முடிகிற இடத்திலேயே அவர் இருமல் தொடங்கியது. என்னமோ ஏதோ என்று நான் எழுந்து ஓடினேன். அவர் உதட்டில் விரலை வைத்தார். அப்புறம்தான் எனக்கு விளங்கியது. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். நீ இருமினால் அவர் இருமுவார். கொஞ்ச நாளில், நீ இருமப் போகிறாய் என்று மூச்சிலேயே தெரிந்துகொண்டு உனக்கு முன்னாலேயே தொடங்கிவிடுவார். அவர் தேயிலைத் தூள் ஆக்குகிற ஸ்டோரில் வேலை செய்தவர், சலிக்கிற இடத்தில். தூசியில் நிற்கிற ஆளுக்கு இருமல் என்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

சந்தேகப்படவில்லை. பரிதாபப்பட்டார்கள். அதுதான் வேடிக்கையாகப் போனது. கங்காணி அவரை நிறுத்தி, சுருட்டை விடு என்று புத்தி சொன்னார். அவர் சுருட்டே குடித்ததில்லை. பாக்கியம் அக்கா கொத்தமல்லியும் சுக்கும் தட்டிப் போட்டு, சுண்டக் காய்ச்சி, சாயங்காலம் தவறாமல் கொண்டுவருவாள். இஸ்தோப்பில் நின்று அப்பாவிடம், “தம்பி, எனக்கு முன்னாலயே குடிச்சிருங்க, கீழ ஊத்திருவீங்க” என்பாள். அவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். கசப்பும் காரமும் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வரும். அக்கா அதைப் பார்த்துவிட்டு, பாவம் மனுசன், நெஞ்சு எப்படி வலிக்குதோ என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போவாள். துணிக்கு அந்தப் பக்கம் நீ சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்கும். சிரித்தால் உனக்கு இருமல் வரும். நீ இருமினால் அவர் மறுபடியும் இருமுவார். அக்கா போன கால் திரும்பி வருவாள்.

நாலு பேர் சொல்லி டாக்டரையா காதுக்கே போய்விட்டது. ஸ்டோர் ஆட்களுக்கு நடுவில் உன் அப்பாவைக் கூப்பிட்டு நெஞ்சில் குழாயை வைத்தார். அப்பா வந்துதான் எனக்குச் சொன்னார். நெடுநேரம் கேட்டாராம். அப்பாவின் முகத்தைப் பார்த்தாராம். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “தூசி இருமல், இது யாருக்கும் ஒட்டாது” என்றாராம். அந்த ஐயாவும் நம் பொய்யில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார். எங்கே இருந்தாலும் அவர் நன்றாக இருக்க வேண்டும்.

நீ சுகமானாய். படத்தில் நெஞ்சு சுத்தமாகிவிட்டது என்று பதுளையில் சொன்னார்கள். துணியை எரித்துவிடச் சொன்னாள் என் தங்கச்சி. துணியை எரிக்கிற அளவுக்கு அந்த வருஷம் நாம் வாழவில்லை. மறுபடி அவித்துக் காய வைத்து, போர்வையும் கம்பளியும் மூட்டை கட்டுகிற துணியாக வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் சில நாள் சாயங்காலத்தில் நீ சும்மா இருமிப் பார்ப்பாய். அவர் எந்த வேலையில் இருந்தாலும் பதிலுக்கு ஒரு இருமல் இருமுவார். அப்போது இரண்டும் பொய் இருமல். அதை விளையாட்டு என்று நினைத்துவிட்டேன்.

இதெல்லாம் நடந்து நீ படித்தாய், வாத்தியார் வேலைக்குப் படித்தாய், பதுளையில் சித்திரம் சொல்லிக்கொடுக்கிற டீச்சரானாய். நம் லயத்திலிருந்து மாதச் சம்பளத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு போன முதல் பொம்பளைப் பிள்ளை நீதான். மலையில் எந்த நிரையில் நின்றாலும் அதைச் சொல்லாமல் நான் கொழுந்து எடுத்ததில்லை. ஒரு லீவுக்கு வந்தபோது அந்த மா சாக்குத் துணியைக் கேட்டாய். படங்களைச் சுற்றி வைக்கப் போகிறாய் என்று நினைத்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் கண்காட்சி, எல்லாரும் வாங்க என்று எழுதினாய். துன்ஹிந்தை அருவியை வரைந்திருப்பாய், பிள்ளையார் வரைந்திருப்பாய் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். அப்பா கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டிருந்தார். ஹல்துமுல்லையிலிருந்து மாமா வந்திருந்தார். பாக்கியம் அக்காவும் கூட வந்தாள், உன்னைத் தூக்கி வளர்த்ததில் அவளுக்கும் பங்கு உண்டு என்று.

மண்டபத்துக்குள் வந்து பார்த்தால் சுவரில் ஒரு படமில்லை. நடுவில் தகரமும் கம்பும் வைத்து நம் காம்பரா நிற்கிறது. அதே அளவு. அதே மாதிரி கூரைக்கு எட்டாத சுவர். மாமா சுற்றிச் சுற்றி வந்து, படம் எங்கே என்று கேட்டார். பாக்கியம் அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “ஏன்டி, நாம குடியிருக்கிற காம்பராவைப் பாக்கவா பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்தோம்?” என்றாள். நீ எங்களை உள்ளே அனுப்பினாய். இதற்கு ஒரு பேர் சொன்னாய், என் வாயில் நிற்கவில்லை. வெளியே நின்று பார்க்கிறதில்லை அம்மா, உள்ளே போய் இருந்து பார்க்கிறது என்று சொன்னாய், அது மட்டும் நின்றது.

உள்ளே நம் துணி தொங்கிக்கொண்டிருந்தது. நீல எழுத்தோடு, நான் போட்ட தையலோடு. நாம் ஊரிலிருந்து ஒளித்து வைத்ததை நீ ஊர் நடுவில் கம்பி கட்டித் தொங்க விட்டிருந்தாய். இழுத்துச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடலாம் என்று கையைக்கூட நீட்டினேன். அப்போதுதான் கீழே தட்டைப் பார்த்தேன். பாயின் பக்கத்தில் தகரத் தட்டு, சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டிப்போய்க் கிடந்தது. என் கை துணியை விட்டுவிட்டுத் தட்டை எடுத்தது. பின்னால் இருந்த பைப்பில் கொண்டுபோய்ச் சாம்பல் இல்லாததால் மண்ணைப் போட்டுத் தேய்த்துக் கழுவி, கொண்டுவந்து வழக்கமான இடத்தில் கவிழ்த்து வைத்தேன். பிள்ளைகள் கத்திக்கொண்டு உன்னிடம் ஓடினார்கள், யாரோ வந்து தட்டைக் கழுவிட்டாங்க டீச்சர் என்று. நீ வந்து பார்த்தாய். கவிழ்ந்திருந்த தட்டைப் பார்த்தாய், என் ஈரக் கையைப் பார்த்தாய். அங்கே பெரிய வாத்தியார்மார், டவுன்காரர்கள் எல்லாரும் நின்றார்கள். “யாரோ இல்ல. எங்கம்மா. அது அப்படியே இருக்கட்டும்” என்றாய். புடவை முந்தானையில் கொழுந்துக் கறையோடு நின்ற என்னைக் காட்டிச் சொன்னாய். அந்த வார்த்தையை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

பிறகு என்னைப் பாயில் படுக்கச் சொன்னாய். வெட்கமாக இருந்தாலும் படுத்தேன். தலைக்கு மேலே நீ தூக்கிப் போட்டதாகச் சொன்ன குப்பிகள் நூலில் தொங்கி, காற்றுக்கு ஒன்றோடொன்று தட்டி மெல்லிய சத்தம் போட்டன. துணியின் அந்தப் பக்கம் லாம்பு. உள்ளே நடமாடுகிறவர்களெல்லாம் துணியில் பெரிய பெரிய நிழலாக வந்து போனார்கள். பாக்கியம் அக்கா குனிந்தபோது அடுப்பு ஊதுகிற நான் தெரிந்தேன். அப்போதுதான் மகளே, நீ அத்தனை மாதம் என்ன பார்த்தாய் என்று எனக்குத் தெரிந்தது. அம்மாவைப் பார்க்காமல் அம்மாவின் நிழலைப் பார்த்திருக்கிறாய். அதை மறக்காமல், கோபப்படாமல், இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்து, மற்றவர்களும் படுத்துப் பார்க்கட்டும் என்று கட்டியிருக்கிறாய். நான் எழுந்துபோனபோது எனக்கு வெட்கம் போய்விட்டிருந்தது. வெளியே வந்து நிமிர்ந்து நின்றேன்.

அடுத்தது அப்பா. அவர் பாய்ப் பக்கம் போகவில்லை. லாம்புப் பக்கம் போய், வழக்கமாகக் குந்துகிற இடத்தில் கோட்டோடு குந்திக்கொண்டார். துணியில் அவர் நிழலைப் பார்த்ததும் நீ டீச்சர் என்பதை மறந்து ஓடிப்போய்ப் பாயில் படுத்தாய். நீ இருமினாய். முடிகிற இடத்தில் அவர் இருமினார். பாக்கியம் அக்கா என்னைப் பார்த்தாள், காம்பராவைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. அப்பா வெளியே வந்ததும் வழியை மறித்துக்கொண்டாள். “அப்ப நான் கொண்டாந்த கசாயமெல்லாம்?”

அப்பா தலையைச் சொறிந்தார். “இருமல் புள்ளைக்குத்தான்க்கா. எனக்கு ஒண்ணுமில்ல. புள்ளைக்குக் காசம்.”

அந்த வார்த்தையை அவர் வெளியில் சொன்னது அதுதான் முதல் தடவை. நாலு பேர் காதுபடச் சொன்னார். அக்கா அவரை அடிக்கிற மாதிரி கையை ஓங்கி, அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒன்றுமில்லாத ஆள் எப்படித்தான் அதைக் குடிச்சீங்களோ, என்னாலயே குடிக்க முடியாது என்றாள். மண்டபமே சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது, உனக்குத் தெரியாது. வேறு தோட்டத்துப் பொம்பளை ஒருத்தி பாயில் படுத்தவள் நெடுநேரம் எழுந்திருக்கவே இல்லை. வெளியே வந்து, நான் யார் என்று தெரியாமலே என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க வீட்ல எங்க அண்ணனுக்கும்...” என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவள் வேறு யாரிடமும் அதைச் சொல்லியிருக்க மாட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே, அப்பா இல்லாத நேரத்தில் வருகிறவர்களும் கேட்கட்டும் என்று, அந்த இருமலைக் கேசட்டில் பிடிக்க நீ ரேடியோக் கடைக்கார நானாவை மண்டபத்துக்குக் கூட்டி வந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வாடகை வேண்டாம் என்று அவரே மெஷினைத் தூக்கி வந்தார். “அண்ணே, கொஞ்சம் இருமுங்க” என்றார். உன் அப்பாவுக்கு இருமல் வரவில்லை. தொண்டையைச் செருமுகிறார், முழிக்கிறார். சொன்னதும் இருமுவதற்கு நான் என்ன மெஷினா என்று கோபம் வேறு. கடைசியில் நீ துணிக்குப் பின்னால் போய் இருமினாய். உடனே அவருக்கு வந்துவிட்டது. நானா பட்டனை அழுத்தினதே அவருக்குத் தெரியாது.

அப்புறம் சில மாதம்தான். ஸ்டோரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தூசியில்லை, காசமில்லை, இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அவருக்கு ஒரு போட்டோ இருக்கிறது, பிரஜாவுரிமைக்குப் பிடித்தது, அதில் திருடனைப் போல் இருப்பார். அவர் பேச்சு எதிலும் இல்லை. பாடினவருமில்லை, கூட்டத்தில் பேசினவருமில்லை. இந்த உலகத்தில் அவர் சத்தம் மிச்சமிருப்பது அந்தக் கேசட்டில் மட்டும்தான். அதுவும் பொய் இருமல். ஆனால் அதைப் போல உண்மையான ஒன்றை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அதைப் போய்ப் பெட்டியில் பூட்டி வைக்கிறேன் என்கிறாயே.

மாமா நல்லவர்தான். உனக்கு ஒரு இடம் அமைய வேண்டுமே என்று அலைகிறார். பழசைக் கிளறாதீங்க, தாலி ஏறட்டும், பிறகு என்ன கூத்தும் கட்டட்டும் என்று என்னிடமும் சொன்னார். ஒரு வாரம் கட்டி வைத்துவிட்டுப் பிரித்துப் போடுகிற சாமானுக்கு ஏன் இந்தப் பாடு என்றும் கேட்டார். காமன் கூத்துக்குக் கட்டுவதையும்தான் கடைசியில் எரிக்கிறோம், அதற்காகக் கட்டாமல் இருக்கிறோமா என்று நான் கேட்டேன். எனக்கும் அப்படி ஒரு பேச்சு வரும் என்று அதுவரை தெரியாது.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி அப்புத்தளைக்குப் போனேன், மாப்பிள்ளை வீட்டுக்கு. முட்ட முட்டப் பனி. நல்ல மனிதர்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். “எங்க புள்ளைக்குச் சின்ன வயசுல காசம் வந்துச்சுங்க. மருந்து சாப்பிட்டுச் சுகமாயிட்டா. அதைத்தான் அவ ஊருக்கெல்லாம் கட்டிக் காட்டுறா. இனியும் காட்டுவா. கேட்டுக்கிட்டுப் பேசுங்க” என்றேன். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா, இப்போது எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டார்கள். இப்போது என்னைவிட வேகமாக மலை ஏறுவாள் என்றேன். நாங்கள் எழுந்தபோது நான் குடித்த டம்ளரை அந்தம்மா மற்ற டம்ளர்களோடு சேர்க்காமல் தனியாக எடுத்துப் போனதைப் பார்த்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அப்படி எடுத்து வைத்தவள்தானே. பயத்துக்குக் கை தானாக அப்படித்தான் போகும்.

பையன் ஸ்டேசன் வரைக்கும் கூட வந்தான். ரயில் வந்து நின்ற பிறகுதான், “அவங்க கட்டினதை எங்க போய்ப் பாக்கலாம்?” என்று கேட்டான். கொழும்புக்கு வாங்க தம்பி என்று நானே சொல்லிவிட்டேன். வரட்டும். வந்து பாயில் படுத்துப் பார்க்கட்டும். எழுந்து வெளியே வந்த பிறகு அவன் முகத்தைப் பார்த்து நீ முடிவு பண்ணு. அந்தப் பாயில் படுக்கப் பயப்படுகிறவன் உன் பக்கத்தில் எப்படிக் காலம் தள்ளுவான்? வராமல் போனால் போகட்டும். உனக்காக ஒரு வருஷம் பொய்யாக இருமின மனிதனின் மகள் நீ. அதற்குக் குறைந்த ஆளை நான் உனக்குப் பார்க்க மாட்டேன்.

ஆகையால் போ. துணியைப் பெட்டியிலிருந்து எடு, பூஞ்சணம் பிடித்துவிடும். கிழிசல் இருந்தால் நீ தைக்காதே, உன் தையல் எனக்குத் தெரியும், நான் தைத்துத் தருகிறேன். கொழும்பில் பெரிய மனிதர்கள் வருவார்கள் என்று காம்பராவைப் பெரிதாக்காதே, அழகாக்காதே. தட்டை மட்டும் ஒவ்வொரு நாளும் கழுவிக் கவிழ்க்கச் சொல். இந்தக் கடிதத்தை வாசலில் ஒட்டு. நம் தோட்டப் பக்கமிருந்து கொழும்பு வீடுகளில் வேலைக்குப் போன பிள்ளைகள் வந்தால் படிக்கட்டும் என்றுதான் உனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதினேன். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்தாதே.

அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வா. கேசட்டையும், நானாவிடம் கேட்டு மெஷினையும் கொண்டுவா. தனியாகக் கேட்க முடியாது என்றுதானே எழுதினாய், நீ ஏன் தனியாகக் கேட்கிறாய்? சாயங்காலம் லயம் நிறைந்த நேரத்தில் நம் காம்பராவில் போடு. சத்தம் சுவருக்கு மேலே அந்தப் பக்கம் போகட்டும். பாக்கியம் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், திடுக்கிட்டுவிடுவாளே என்று. அழுவாள் என்று நினைத்தேன். “தம்பி இருமட்டும், நான் கொத்தமல்லி வறுத்து வைக்கிறேன்” என்றாள். கட்டாயம் கொண்டுவருவாள், இஸ்தோப்பில் நின்று, எனக்கு முன்னாலேயே குடி என்பாள். இந்தத் தடவை அதை நான் குடிக்கிறேன்.

உன் அம்மா